கண்ணாடிக்கு இரண்டு பக்கம்

3-9-2025, புதன்

என் பெயர் மாதப்பன். இதை நான் எழுதினேன்.

இந்த இரண்டு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. என் மனைவி பெருமாயி குழம்பு கூட்டி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னும் அதே எடத்துலயா இருக்கறே?” என்றாள்.

5-9-2025, வெள்ளி

தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் நிர்மலா டீச்சர். அவர் தையல்காரர். சாயங்காலம் நாலு மணிக்குச் சத்துணவுக் கூடத்தில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். பதினோரு பெண்கள், ஆண் நான் ஒருவன்தான். வயது எழுபத்திரண்டு. வகுப்பில் மூத்தவனும் நானே, முதலில் பெயர் எழுதியவனும் நானே.

6-9-2025, சனி

பஸ்ஸில் எழுதியிருந்ததைப் படித்தேன். அரூர். நான் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஏறத்தான் நின்றேன். பரவாயில்லை.

8-9-2025, திங்கள்

மலை மேல் இருந்து ஜீப் வந்தது. எனக்காக வந்தது. தெருவே பார்த்தது.

மலை உச்சியில் இருக்கும் வானாய்வு நிலையத்தில் நான் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் வானத்தைப் படம் பிடிக்க ஃபிலிம் கிடையாது. சன்னல் கண்ணாடி போன்ற தட்டில் மருந்து பூசி, தொலைநோக்கியில் வைத்துப் பிடிப்பார்கள். நட்சத்திரம் அதில் கறுப்புப் புள்ளியாக விழும். அந்தத் தட்டுகளைக் கழுவி, உலர்த்தி, கவரில் போட்டு, அலமாரியில் அடுக்குவது என் வேலை. ஒன்றைக்கூட உடைத்ததில்லை.

இப்போது எல்லாத் தட்டையும் கணினியில் ஏற்றுகிறார்களாம். தூசு துடைக்கக் கை பழகிய ஆள் வேண்டுமாம். “மாதப்பன் இருக்கிறாரா என்று பாருங்கள்” என்று மேலே யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிரைவர் இதைச் சொன்னபோது பெருமாயி பக்கத்தில்தான் இருந்தாள். திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னேன்.

10-9-2025, புதன்

தட்டு அறை அப்படியே இருக்கிறது. வேலையை நடத்துவது மேகலா என்ற பெண். ஆராய்ச்சி செய்கிறது, ஊர் நாகர்கோவில் பக்கம். நான் தட்டை ஓரத்தில் பிடித்து எடுத்ததைப் பார்த்து, “ஐயா, இப்படிப் பிடிக்க எனக்கும் காட்டுங்க” என்றது. காட்டினேன்.

இந்தக் கவர்கள் எல்லாம் நான் போட்டவை என்றும் சொன்னேன். 1996 டிசம்பர் மழையில் கூரை ஒழுகிப் பழைய கவர்கள் நனைந்துவிட்டன. இரண்டாயிரத்துச் சொச்சம் தட்டுகளையும் கவரைக் கழற்றி உலர வைத்து, எண் அடித்த புதுக் கவர்களில் நான் ஒருவனாகப் போட்டேன். இரண்டு மாதம் ஆனது. நிலையத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். நடு வீட்டில் மாட்டியிருக்கிறேன். இப்போதுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். “தவறின்றி” என்று ஒரு சொல் இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாமல் எப்படிப் போட்டாய் என்று யாரும் அன்று கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. எண்களின் முகம் எனக்குத் தெரியும். தட்டின் மூலையில் மையால் எழுதியிருக்கும் முகமும் கவரின் முகமும் ஒன்றாக இருந்தால் போட்டுவிடுவேன். யாராவது எதையாவது படிக்கச் சொன்னால், கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்பேன்.

15-9-2025, திங்கள்

மேகலா என்ன ஆராய்கிறது என்று கேட்டேன். கேட்டதில் அதற்கு ரொம்ப சந்தோஷம். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னது.

மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதன் பக்கத்தில் பெரிய புகை மேகம் ஒன்று இருக்கிறதாம். அந்த மேகம் அங்கங்கே இறுகி, அதில் நட்சத்திரங்கள் பிறக்கின்றனவாம். ஒன்று ஒன்றாக இல்லை, கூட்டமாக. அறுபது எழுபது குட்டிகள்.

“குட்டியா இருக்கறப்ப நிலையா எரியாதுங்க ஐயா. பக்கத்துல இருக்குற புகையை இழுத்துச் சாப்பிடும். ஒரேயடியா நெறைய சாப்பிட்டா திடீர்னு பத்து மடங்கு, நூறு மடங்கு பிரகாசமாயிடும். அப்புறம் வருஷக்கணக்கா மங்கிட்டே போகும்.”

“அப்புறம்?”

“வளர்ந்து, புகை தீர்ந்ததும் கூட்டம் கலைஞ்சிடும். ஒண்ணு ஒண்ணா விலகிப் போயிடும். பல கோடி வருஷம் கழிச்சுப் பாத்தா யாரு யாரோட பொறந்தாங்கன்னு கண்டுபிடிக்கிறதே கஷ்டம். நம்ம சூரியனும் அப்படி ஒரு கூட்டத்துல பொறந்ததா இருக்கலாம். கூடப் பொறந்ததெல்லாம் எங்க இருக்குதுன்னே தெரியல.”

வீட்டுக்கு வந்து பெருமாயியிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். எங்களுக்கு நாலு பிள்ளைகள். ஓசூர், திருப்பூர், சென்னை, இன்னொருவன் மஸ்கட். “கலையறதுக்குக் கோடி வருசம் எதுக்கு?” என்றாள். “பொங்கல் முடிஞ்சு ரெண்டு நாள் போதும்.”

18-9-2025, வியாழன்

இன்று 1081-ஆம் கவரைத் திறந்தோம். மேகலா ஒரு மாதமாகக் காத்திருந்த தட்டு.

அந்தக் குட்டிக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் இந்த வருடம் திடீரென்று பிரகாசமாகிவிட்டதாம். இதுதான் முதல் தடவையா, முன்பும் இப்படி ஆகியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். 1985 ஜனவரியில் அந்த இடத்தைப் படம் பிடித்த தட்டு உலகத்திலேயே இங்கே மட்டும்தான் இருக்கிறது என்றது.

கவரில் இருந்தது வேறு வானம். மேகமும் இல்லை, கூட்டமும் இல்லை. மேகலா முகம் சின்னதாகிவிட்டது.

பழைய பதிவேட்டை எடுத்தது. பிடித்தவர் ஐசக் சார். எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அவர் குறிப்பை மட்டும் தமிழில் எழுதுவார், அதற்குத் திட்டும் வாங்குவார். அதனால் என்னால் படிக்க முடிந்தது. டீச்சர் கையெழுத்தைத் தவிர நான் படித்த முதல் கையெழுத்து. எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தேன்.

“வடக்கு ஓரத்தில் முன்பு இல்லாத ஒரு நட்சத்திரம். இரண்டு முறை பார்த்தேன். இருக்கிறது.”

அதன் கீழே, பின்னால் யாரோ சிவப்பு மையில், தமிழிலேயே எழுதியிருந்தார்கள். அதையும் படித்தேன்.

“1998-இல் சரிபார்க்கப்பட்டது. தட்டில் வேறு இடம். குறிப்பு கற்பனை.”

“ஐசக் யாருங்க ஐயா?” என்று மேகலா கேட்டது. இருட்டாகிவிடும், ஜீப்பை விட்டுவிடுவேன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

19-9-2025, வெள்ளி

ஐசக் சார் தொலைநோக்கி ஓட்டியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 98-இல் வெளியிலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி வந்தபோது, பதிமூன்று வருடத்துக்கு முன்னால் தான் ஒரு புது நட்சத்திரத்தைப் பார்த்ததாக இவரே வலியப் போய்ச் சொன்னார். தட்டை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தார்கள். அதில் இல்லை. எல்லோர் முன்னாலும் நடந்தது. அதற்குப் பிறகு அவரைத் தொலைநோக்கியிடம் விடவில்லை. கடைசி ஐந்து வருடம் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தார்.

நல்ல மனிதர். கொஞ்சம் கற்பனை அதிகம் என்று சொல்வார்கள்.

துவரம்பருப்பு வாங்க வேண்டும்.

24-9-2025, புதன்

வகுப்பில் எண் பாடம். ஒன்றிலிருந்து இருபது வரை நான்தான் முதலில் முடித்தேன். நிர்மலா டீச்சர் என் சிலேட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“என்னாங்க ஐயா, மூணும் ஏழும் திரும்பி நிக்கிது? கண்ணாடியில பாக்குற மாதிரி எழுதியிருக்கறீங்க.”

எனக்குப் பெருமையாகிவிட்டது. நான் எண் கற்றதே கண்ணாடியில்தான் என்று சொன்னேன். தட்டை இரண்டு பக்கமும் பார்க்கலாம். ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் திரும்பித் தெரியும். எது நேர், எது திருப்பம் என்பதைக் கவர்தான் சொல்லும். கவரில் இருக்கிற மாதிரி வரும் வரை தட்டைத் திருப்புவேன். எல்லாப் பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

டீச்சர் சிலேட்டைத் தூக்கி, சன்னலில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுக்கு எதிரே பிடித்தார். “பாருங்க, எல்லா எண்ணும் மாட்டிக்கிது. பூஜ்யம், ஒண்ணு, எட்டு மட்டும் தப்பிச்சிக்கிது. திருப்பினாலும் அதே மூஞ்சி. ஆனா ஐயா, பதினெட்டு எண்பத்தொண்ணு ஆயிடுது பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

25-9-2025, வியாழன்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை. கீரை ஆய்ந்தேன்.

27-9-2025, சனி

பெருமாயி இரண்டு தடவை கேட்டாள், என்ன என்று. வெயில் என்றேன்.

பின்பக்கக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினேன். கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டினேன். நன்றாகக் கட்டினேன்.

29-9-2025, திங்கள்

போனேன். மேகலா புதுப் பட்டியல் போடுகிறது. அக்டோபர் பத்தாம் தேதி முடித்து அனுப்ப வேண்டுமாம். அதற்குப் பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாறவே மாறாது என்றது. 1081-க்கு நேரே “பயனில்லை, பார்த்தவர் பிழை” என்று போடப் போகிறது.

“மனசே இல்லைங்க ஐயா. அவரு எழுதியிருக்குறத படிச்சா பொய் சொல்ற மாதிரி தெரியல. ஆனா தட்டு இல்லாம நான் என்ன சொல்ல முடியும்?”

1801-ஆம் கவர் மேல் அலமாரியில், இடது கைப் பக்கம். நான் அங்கே பார்க்கவில்லை.

30-9-2025, செவ்வாய்

டீச்சர் நாலு வரி போதும் என்றார். இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

97 பிப்ரவரியில், வேலை முடிகிற சமயம், ஒரு தட்டை எடுத்தேன். 1801. அந்தக் கவரில் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது. பயந்துபோனேன். பிறகு தட்டைத் திருப்பிப் பார்த்தேன். 1081 என்று தெரிந்தது. அந்தக் கவர் காலியாக இருந்தது. சரியாகப் போய் உட்கார்ந்தது. நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். எனக்கு அந்த டீகூட ஞாபகம் இருக்கிறது.

1801 கவரில் முதலில் போனதுதான் 1081, அதுவும் திரும்பிப் போயிருக்கிறது. இரண்டாவதையும் நான் திருப்பிப் போட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். 98-இல் அந்த விஞ்ஞானிக்குத் தட்டை எடுத்துக் கொடுத்தவன் நான். ஐசக் சார் சொன்னார், “இது வேற பிளேட் சார், கவர் மாறியிருக்கும்.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “அந்தக் கவரு நான் போட்டதுங்க. தப்பு இருக்காது.”

அதற்கு மேல் ஐசக் சார் பேசவில்லை.

3-10-2025, வெள்ளி

வாயால் சொல்ல மூன்று நாள் பார்த்தேன். வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது. இன்று காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து மதியம் சாப்பிடாமல் எழுதி முடித்தேன். என் வாழ்க்கையில் முதல் கடிதம். இங்கே ஒரு நகல் எழுதி வைக்கிறேன்.

“மதிப்புக்குரிய ஐசக் சார் அவர்களுக்கு மாதப்பன் எழுதுவது. 1081 தட்டை 1801 கவரில் போட்டது நான். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. தெரியும் என்று நடித்தேன். நீங்கள் பார்த்தது பொய் இல்லை. நான் சொன்னதுதான் பொய். மண்ணிப்பு கேட்கிறேன். இதை நானே எழுதினேன்.”

பெருமாயியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் சான்றிதழைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு முப்பத்தெட்டு வருசம் எனக்கு மட்டுந்தான் தெரியும்னு இருந்தேன்” என்றாள். “சரி, கொண்டுபோய்க் குடு. சோத்தத் தின்னுட்டுப் போ.”

6-10-2025, திங்கள்

கடிதத்தை முதலில் மேகலாவிடம் கொடுத்தேன். அது நின்றபடி படித்தது. ஏணியைப் போட்டு ஏறியது. பாதியில் நின்று, “ஐயா, நீங்களே எடுங்க” என்றது.

எடுத்தேன். கவரிலிருந்து உருவி, வெளிச்சப் பெட்டி மேல் வைத்தேன். மேகம் இருந்தது. கூட்டம் இருந்தது, எள்ளைத் தெளித்த மாதிரி. வடக்கு ஓரத்தில் ஒரு பெரிய கறுப்புப் புள்ளி.

மேகலா பூதக்கண்ணாடியில் குனிந்தது, ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது. “அதேதாங்க ஐயா. நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தடவை சாப்பிட்டிருக்கு. இது ரெண்டாவது தடவை.”

பிறகு உட்கார்ந்து, பூஜ்யம், ஒன்று, எட்டு மட்டும் வருகிற எண்களில் திருப்பினால் வேறு எண் ஆகிறவற்றைக் கணக்குப் போட்டது. ஏழு ஜோடி. அந்தப் பதினாலு கவரையும் திறந்தோம். நாலு ஜோடி மாறியிருந்தது. மூன்று சரி. மற்றவற்றில் இதுவரை பார்த்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

11-10-2025, சனி

அரூரில் மகள் வீட்டில் இருக்கிறார் ஐசக் சார். மேகலாவும் நானும் போனோம். எண்பத்திரண்டு வயது. தாடி வைத்திருக்கிறார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. பேத்தியின் வீட்டுப்பாடம் திருத்துவாராம்.

“யாரு, மாதப்பனா? உசுரோட இருக்கியா?” என்றார்.

“இருக்கேன் சார். ஒரு கடிதாசி படிக்கணும்.”

“உன் கண்ணாடி வீட்டுல இருக்குமே. குடு, நான் படிக்கிறேன்.”

“நானே படிக்கிறேன் சார்.”

எழுந்து நின்று படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. “பொய்” என்ற இடத்தில் தடுமாறினேன், திரும்ப முதலிலிருந்து அந்த வரியைப் படித்தேன்.

“அன்னிக்கு நீ என்னா சொன்னே, அதைச் சொல்லு” என்றார்.

“அந்தக் கவரு நான் போட்டதுங்க, தப்பு இருக்காது.”

“ஆங். அதேதான்.” சுவரைப் பார்த்தார். “நீ சொன்னதும் நானே நம்பிட்டேன்டா. மாதப்பன் தப்பு பண்ண மாட்டான், அப்போ என் கண்ணுதான் தப்புன்னு. இருபத்தேழு வருஷமா ராத்திரியில அண்ணாந்து பாத்ததில்ல. வாசல்ல படுக்கறதையே விட்டுட்டேன்.”

மேகலா தட்டின் படத்தை அவர் மடியில் வைத்தது. அவர் பூதக்கண்ணாடி கேட்கவில்லை. நகத்தை நேராக வடக்கு ஓரத்தில் வைத்தார். நகம் அங்கேயே இருந்தது.

கொஞ்சம் கழித்துக் கடிதத்தைக் கேட்டார். சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மண்ணிப்பாம். மண்ணையா கேக்குறே? மூணு சுழி இல்லடா, ரெண்டு சுழி. மொதல்ல அதை ஒழுங்கா எழுதக் கத்துக்க. அப்புறம் வந்து கேளு.”

அவர் மகள் காபி கொடுத்தது. குடித்தோம். மேகலா பட்டியல் அனுப்புவதை மாதக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறது.

19-10-2025, ஞாயிறு

நாளை தீபாவளி. பெருமாயி அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறாள். நான் முழுக் கடிதத்தையும் திரும்ப எழுதினேன். ஒரு பிழை வந்தால் தாளைக் கிழித்தேன். ஆறாவது தாளில் சரியாக வந்தது. மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு. பத்துத் தடவை தனியாகவும் எழுதினேன்.

மதியம் பஸ் ஏறி அரூர் போனேன். பஸ் பெயரைப் படித்துவிட்டுத்தான் ஏறினேன். ஐசக் சார் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு சுழியாக எண்ணினார். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஜீப்பு மேல வரைக்கும் போவுதா இன்னும்?” என்று மட்டும் கேட்டார்.

30-10-2025, வியாழன்

இன்று ஐசக் சார் மலைக்கு வந்தார். ஜீப்பில் முன்சீட்டு. எல்லா ஊழியர்களும் வாசலில் நின்றார்கள், சின்னப் பிள்ளைகள்தான், அவரை யாருக்கும் தெரியாது. மேகலா எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தது. ஒவ்வொருவராக வந்து வணக்கம் சொன்னார்கள். அவர் விறைப்பாகவே நின்றார், ஆனால் யார் கையையும் சீக்கிரம் விடவில்லை.

தட்டு அறையில் பழைய பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தோம். சிவப்பு மை வரியை மேகலா ஒரு கோடு போட்டு அடித்தது. புது வரியை யார் எழுதுவது என்று நிலையத்துத் தலைவர் கேட்டார். ஐசக் சார் என்னைக் காட்டினார்.

“தப்பு பண்ணவன் எழுதட்டும். அவனுக்குத்தான் இப்ப எழுத வருதே.”

உட்கார்ந்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவசரப்படவில்லை. எழுதினேன்:

“1081. பார்த்தவர் ஐசக் ஞானமுத்து. அவர் குறிப்பு சரி. தட்டைக் கவர் மாற்றிப் போட்டவர் மாதப்பன்.”

முப்பத்தெட்டு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் என் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை. தப்பு செய்தவனாக வந்திருக்கிறது. ஆனால் அதை எழுதியது நான். ஒரு எழுத்தும் சாயவில்லை.

பேனாவை மூடினேன். ஐசக் சார் குனிந்து படித்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தார்.

“மூடாதே. இன்னும் ஒரு வரி இருக்கு.”

“என்னாங்க சார்?”

“எழுது. ‘தவறைக் கண்டுபிடித்தவரும் அவரே.’”

நான் அவரைப் பார்த்தேன்.

“எழுதுடா. கை வலிக்குதா?”

அந்தத் தாளில் இடம் முடிந்துவிட்டது. ஓரத்து வெள்ளையில், பொடி எழுத்தில், மேலிருந்து கீழாக எழுதினேன். அவர் கடைசி எழுத்து வரை நின்று பார்த்தார்.